வெயிலில் நிற்கிறவர்களுக்கும் வெயில் சத்துக் குறையுமா?

"காலையில பெரட்டுக்குப் போனா அந்தி மட்டும் மலையிலதான் நிக்கிறோம். எங்களுக்கா வெயில் சத்து குறையப் போவுது?"

விற்றமின் டி என்று பேச்செடுத்தால் நம் தாய்மார்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. மற்றச் சத்துகள் சோற்றிலும் கறியிலும் வரும். இது மட்டும் வெயில் பட்டால் நம் தோலிலேயே ஊறும். ஆனால் வெயிலில் நிற்பது வேறு, வெயில் தோலில் படுவது வேறு. மலைக்குப் போகிற பிள்ளைத்தாச்சியைப் பாருங்கள். தலையில் முக்காடு, குளிருக்கும் அட்டைக்கும் பயந்து நீளக் கைச் சட்டை, இடுப்புக்குக் கீழே படங்கு. வெளியே தெரிவது முகமும் விரல்களும்தான். பாதி நாள் மேகமும் மூட்டமும் வேறு. நம்மைப் போன்ற கறுத்த தோலில் இந்தச் சத்து ஊறுவதற்கு நேரமும் கூட வேண்டும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத வட இந்தியாவில், லக்னோ பக்கத்தில், மாதம் நிறைந்த 207 கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 2005இல் அதன் முடிவு வெளியானது. 100க்கு 84 பேருக்கு விற்றமின் டி போதவில்லை. நகரத்துப் பெண்களுக்கு எவ்வளவோ, கிராமத்துப் பெண்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 20 நனோகிராமாவது இருப்பது நல்லது என்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள். அந்தத் தாய்மாரிடம் சராசரி 14தான் இருந்தது. பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் 8 சொச்சம். தாயிடம் குறைந்தால் பிள்ளையிடமும் குறையும். வயிற்றுப் பிள்ளைக்குத் தனியாக வெயில் ஏது?

"ஒரு வருத்தமும் இல்லாம நல்லாத்தானே இருக்கேன்" என்பீர்கள். இந்தக் குறை முதலில் வெளியே காட்டாது. பிள்ளையின் எலும்புக்கு ஏறக்குறைய 30 கிராம் கல்சியம் வேண்டும். பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில் போகிறது. சாப்பாட்டிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள விற்றமின் டி உதவ வேண்டும். அது போதாவிட்டால் உடம்பு தாயின் எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். கடையில் பற்று எழுதிச் சாமான் வாங்குகிற மாதிரி. அன்றைக்கு அடுப்பு எரியும், கடன் பிறகுதான் தெரியும். இடுப்பெலும்பு, கால் எலும்பு உளைவு, உட்கார்ந்து எழும்பக் கஷ்டம், படி ஏற முடியாமை இருந்தால் கூடைப் பாரம் என்று விட்டுவிடாமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். குறை கடுமையாக இருந்தால் பிறந்த பிள்ளைக்கு வலிப்புக்கூட வரலாம். பிறகு கால் எலும்பு வளையலாம்.

அதற்காக ஓடிப்போய் பார்மசியில் குளிசை வாங்க வேண்டாம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் விற்றமின் டி குளிசை கொடுக்கத் தேவையில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. குறை இருக்கும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 200 அலகு கொடுக்கலாம் என்றது. இது கொழுப்பில் தங்குகிற சத்து. கூடிப்போனால் சிறுநீரோடு போய்விடாது, உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும். கிளினிக்கில் வழக்கமாக எடுக்கிற இரத்தப் பரிசோதனையில் இது சேராது. தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

நாம் செய்யக்கூடியது இருக்கிறது. காலை இளவெயில்தான் நல்லது என்று பாட்டிமார் சொல்வார்கள். உடம்புக்கு இதமாக இருக்கும், உண்மை. ஆனால் விற்றமின் டி ஊற அது போதாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுகிற நேரம்தான் கணக்கு. அந்த நேரத்தில் சாப்பாட்டுக்கு வரும்போது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துக் கொஞ்ச நேரம் வாசலில் உட்காருங்கள். தோல் எரியும்வரை அல்ல, தலை சுற்றும்வரையும் அல்ல. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தால் பலனில்லை. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது.

சாப்பாட்டில் டின் மீன், சாளை, முட்டை மஞ்சள் கரு இவற்றில் ஓரளவு உண்டு. சோறு, ரொட்டி, கீரையில் கிடையாது. பால்மா வாங்கினால் பக்கற்றில் விற்றமின் டி என்று போட்டிருக்கிறதா என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு தின்றால் கல்சியமும் சேரும். கிளினிக்கில் தருகிற கல்சியம் குளிசையை ஒரு நேரமும் இரும்புச்சத்துக் குளிசையை வேறு நேரமும் போடுங்கள். சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது.

மாமியார்மாருக்கும் ஒரு சொல். பிள்ளை பெற்றவளைத் தீட்டுக் கழியும்வரை இருட்டுக் காம்பராவுக்குள் வைக்கிறோம். தாய்ப்பாலைவிட நல்ல உணவு பிள்ளைக்கு இல்லை. ஆனால் அதில் விற்றமின் டி கொஞ்சம்தான் இருக்கும். தாய் வயிற்றில் சேர்த்துக்கொண்டு வந்ததை வைத்துத்தான் பிள்ளை அந்த முதல் நாட்களைக் கழிக்கிறது. ஆகவே ஏழாம், எட்டாம் மாதத்திலேயே மருமகளை வாசலில் உட்கார விடுங்கள். பிள்ளை பெற்ற பிறகும் காற்றுப்படும் என்று கதவை அடைக்காமல், காதைத் துணியால் கட்டிக்கொண்டாவது அவள் வெளித் திண்ணைக்கு வரட்டும்.