நல்ல பாக்ஸ் செட் நம் நாட்டில் கிடைக்குமா?

பட்டறை கேள்வி - பதில்

கேள்வி: அண்ணாச்சி, தேங்காப்பட்டணம் பக்கத்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் தொடங்கப் போகிறேன். பைக், ஆட்டோ, லோடு வண்டி, கூடவே வள்ளத்து எஞ்சின் வேலையும் வரும். நாகர்கோவில் கடைகளில் பாக்ஸ் செட் கேட்டால் ஆளுக்கொரு பெட்டியை எடுத்து வைக்கிறார்கள். பாதிக்கு மேல் சீனச் சரக்கு. இந்தியாவில் செய்த நல்ல செட் இருக்கிறதா? எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், தேங்காப்பட்டணம்

பதில்: இருக்கிறது தம்பி. பாக்ஸ் செட்டில் வரும் சாக்கெட்டை நம் நாட்டில் செய்யத் தெரியாமல் இல்லை. ஜலந்தரும் லூதியானாவும் பல பத்தாண்டுகளாகக் கைக்கருவி செய்யும் ஊர்கள். ஜலந்தரில் மத்திய அரசின் கைக்கருவி நிறுவனமே 1983 முதல் இயங்குகிறது. பரிசோதனைக் கூடமும், எஃகுக்குப் பதம் ஏற்றும் பயிற்சியும் அங்கே உண்டு. ஆனால் அந்த ஊர்களில் நல்ல சரக்கு செய்கிறவர்களில் பலர் ஏற்றுமதிக்காரர்கள். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைப் பொறித்துக் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள், நாகர்கோவில் வடசேரிக் கடைக்கு அது வருவதில்லை. அந்த ஏற்றுமதியும் பெரிதில்லை. நிதி ஆயோக் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி நம் கைக்கருவி ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 60 கோடி டாலர், சீனாவினுடையது சுமார் 1,300 கோடி. எஃகு விலை, போக்குவரத்து, வட்டி எல்லாம் சேர்ந்து நம் பொருளுக்கு 14 முதல் 17 சதவீதம் வரை கூடுதல் செலவு ஆகிறதாம். கடையில் சீனப் பெட்டி விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்குப் போனதும் மூடியில் இருக்கும் கொடியையும் படத்தையும் விட்டுவிட்டு, பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாட்டில் செய்தது என்பதும் வேண்டும். ‘தயாரிப்பாளர்’ என்று போட்டு இந்திய முகவரி இருந்தால் அது நம் சரக்கு. ‘விற்பனை செய்வோர்’ என்று மட்டும் இருந்தால் எங்கே செய்தது என்று கேள். ஒரே கம்பெனியின் பெயரில் இங்கே செய்ததும் இறக்குமதியும் கலந்து வருவது உண்டு. அதனால் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் முடிவு செய்யாதே. ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பார்.

பெயர் கேட்டால், டபாரியாவை நம் பக்கத்து மெக்கானிக் எல்லோருக்கும் தெரியும். ஸ்வீடன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1969-இல் உற்பத்தி தொடங்கிய நிறுவனம், தொழிற்சாலை நாசிக்கில். லூதியானாவில் ஈஸ்ட்மேன் இருக்கிறது. மூத்த மெக்கானிக்குகள் இன்னும் விடாமல் வைத்திருப்பது ஜெடோர் முத்திரை போட்ட பழைய இந்தியச் சாக்கெட்டுகளை. ஜெர்மன் கூட்டுறவில் இங்கே செய்தவை, பிறகு ஜலானி என்ற பெயரில் வந்தன. பழைய இரும்புக் கடையில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், வாய் விரியாமல் இருந்தால், யோசிக்காமல் வாங்கு.

பெயரை விடக் கையில் எடுத்துப் பார்ப்பது முக்கியம். குரோம் வனேடியம் என்று பொறிப்பதற்கு ஓர் அச்சு போதும். எஃகு நல்லதாகவே இருந்தாலும் பதம் சரியாக ஏறாவிட்டால் பயனில்லை. பதம் குறைந்தால் சாக்கெட்டின் வாய் அகலும், கூடினால் விரிசல் விடும். கடைக்குப் போகும்போது 8.8 கிரேடு எம்8, எம்10 புது போல்ட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள். சாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாய்ப்பக்கம் பார்: சுவர் சுற்றிலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் மெலிந்த பக்கம்தான் முதலில் பிளக்கும். போல்ட்டை உள்ளே விட்டு அசைத்துப் பார், கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், கடகடவென்று ஆடக்கூடாது. பிறகு சாக்கெட்டை எக்ஸ்டென்ஷனில் மாட்டிக் கண்ணாடி மேசையில் உருட்டு. எக்ஸ்டென்ஷனின் நுனி வட்டம் போட்டால் துளை நடுவில் இல்லை என்று அர்த்தம். எக்ஸ்டென்ஷனைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் முனையில் இருக்கும் குண்டு சாக்கெட்டை விழாமல் பிடித்து நிற்க வேண்டும், விரலால் இழுத்தால் சாக்கெட் வந்துவிட வேண்டும்.

முழு செட்டையும் ஒரே நாளில் வாங்காதே. முதலில் 17 மி.மீ. சாக்கெட் ஒன்று மட்டும் வாங்கி, கையில் இருப்பதிலேயே மோசமாகத் துருப்பிடித்த நட்டில் போட்டு வேலை வாங்கு. வாய் அகலாமல் இருந்தால் அதே கம்பெனியில் மற்றதை எடு. நூறு உருப்படிப் பெட்டி வேண்டவே வேண்டாம், அதில் பாதி பிட்டும் அடாப்டரும்தான். ஆறு முனைச் சாக்கெட்டாகக் கேள். பன்னிரண்டு முனை துருப்பிடித்த நட்டின் மூலையைச் சுரண்டிவிடும்.

எந்த அளவு என்பதும் வண்டியைப் பொறுத்தது. மாருதி, ஹீரோ, யமஹா போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் 8, 10, 12, 14, 17 அதிகம். டாடா, மகிந்திரா, லேலண்டில் 10, 13, 17, 19, 24 வரும், புது மாடல்களில் 16, 18-உம் சேரும். எம்10 போல்ட் ஒன்றுக்கே பழைய ஜெர்மன் முறையில் 17, ஐ.எஸ்.ஓ. முறையில் 16, ஜப்பான் வண்டியில் 14. இந்த அளவுகளை அரை இஞ்சு டிரைவில் வாங்கு. 8, 10, 12, 13 மட்டும் கால் இஞ்சிலோ 3/8-இலோ இன்னொரு தடவை வேண்டும்.

ராட்செட் விஷயத்தில் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நம் சாக்கெட்டுகள் நம்பி வாங்கலாம், ராட்செட்தான் இன்னும் பின்தங்கியிருக்கிறது. பல் குறைவு, இடுக்கில் திரும்பாது. சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் டி-பாரும் இந்தியச் சரக்காக எடுத்துக்கொண்டு, ராட்செட் ஒன்றை மட்டும் தைவான் சரக்காக வாங்கினாலும் தப்பில்லை. நம்மவர்கள் 72 பல் ராட்செட்டை நன்றாகச் செய்து நியாயமான விலைக்குக் கொடுக்கும் நாளுக்காக நான் உண்மையிலேயே காத்திருக்கிறேன். எதுவானாலும் ராட்செட்டின் பிடியில் பைப் சொருகி மிதிக்காதே. அதற்கு டி-பார் இருக்கிறது.

உனக்குக் கடற்கரை என்பதால் உப்புக்காற்று வேறு. குரோம் முலாமின் அடியில் துரு நுழைந்தால் செதில் செதிலாக உரியும், கையைக் கிழிக்கும். வள்ளத்து வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் ஒரு தடவை தடவி வை. ஈரத்தோடு பெட்டியை மூடாதே.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டைக் கழற்றுகிறேன். மில்லிமீட்டர் செட்டில் சில நட்டுகள் எதற்கும் பொருந்தவில்லை. என்ன செய்ய?
— வாசகர், தக்கலை

பதில்: பொருந்தாது. மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து இங்கே தொடங்கிய வண்டி அது. பழைய எஞ்சின்களில் விட்வொர்த் என்ற இங்கிலாந்து அளவுதான். விட்வொர்த் 5/16 நட்டு 15.2 மி.மீ. வரும்: 15 ஏறாது, 16 வழுக்கும். விட்வொர்த் 1/4 என்றால் 13.3, அதில் 14-ஐப் போட்டால் மூலை உருண்டுவிடும். 3/16, 1/4, 5/16, 3/8 ஆகிய நான்கு விட்வொர்த் அளவுகளில் சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் தனியாகத் தேடி வாங்கு. கிடைக்கும்வரை அந்த நட்டுகளில் கை வைக்காதே.

கேள்வி: ஏர் கன்னில் சாதாரண சாக்கெட் போடலாமா?
— வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: கூடாது. முலாம் பூசிய கைச் சாக்கெட் கடினமானது, சுவரும் மெலிது. கன்னின் அடி தாங்காமல் வெடித்தால் துண்டு முகத்துக்கு வரும். கறுப்பு நிற குரோம் மாலிப்டினம் இம்பேக்ட் சாக்கெட்டைத்தான் போட வேண்டும். கைக்கு டி.ஐ.என். 3124, கன்னுக்கு 3129 என்று தரமே தனித்தனி. பெட்டியில் அந்த எண்ணைத் தேடு. லாரி வீல் நட்டுக்கு முக்கால் அல்லது ஒரு இஞ்சு டிரைவ் வேண்டும், சாக்கெட்டைப் பிடித்து வைக்கும் பின்னையும் ரப்பர் வளையத்தையும் மாட்டாமல் கன்னை இயக்காதே.