இரண்டு எரிவாயு சிலிண்டர்கள்: ஒன்று அடுப்பில், ஒன்று இருப்பில்

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் பல குடும்பங்கள் முதலில் தகரக் கொட்டகையிலோ தறப்பாள் கூடாரத்திலோதான் சமைக்கத் தொடங்குகின்றன. விறகு நனைந்துவிடும், கடை தூரம், வாகனம் கிடைப்பது அரிது. அதனால் வசதி கிடைத்தவுடன் இரண்டாவது எரிவாயு சிலிண்டரையும் வாங்கி வைக்கிறார்கள். 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே இருப்பில் ஒன்று வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் இரண்டு சிலிண்டர்கள் உள்ள வீட்டில் கவனமும் இரண்டு மடங்கு தேவை. இந்தப் பாடம் அதற்கானது.

ஒரு வீட்டில் நடந்தது

நாங்கள் சென்று பார்த்த ஒரு வீட்டில் தாயும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு சிலிண்டர்கள் இருந்தும் மார்கழி மழையில் இரண்டுமே வெறுமையாகிவிட்டன. முதலாவது முடிந்தபோது அந்தத் தாய் இரண்டாவதை மாட்டிவிட்டு, வெறுமையானதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தார். "இன்னும் ஒன்று இருக்குத்தானே" என்ற நினைவில் வாரங்கள் போயின. இரண்டாவதும் முடிந்த அன்று வீதியில் வெள்ளம். மூன்று நாட்கள் கொட்டகைக்குள்ளேயே ஈர விறகை எரித்தார்கள். புகையில் கடைசிப் பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அந்தத் தாய் கவனமில்லாதவர் அல்லர். இரண்டு சிலிண்டர்களையும் மாற்றி மாற்றிப் பாவிக்கும் ஒழுங்கை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எரிவாயு எப்படி நடந்துகொள்ளும்?

சமையல் எரிவாயு புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. சிலிண்டருக்குள் அது அழுத்தத்தினால் திரவமாக இருக்கிறது. வெளியே வரும்போது ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய 250 லீற்றர் வாயுவாக விரியும். ஆகவே சிறிய கசிவும் சிறிய விடயமல்ல.

இந்த வாயு காற்றை விடப் பாரமானது. புகையைப் போல மேலே எழாது, தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடி ஓடி அங்கேயே தங்கும். உங்கள் வளவில் உள்ள பழைய பதுங்குகுழி, கிணறு, குப்பைக் கிடங்கு, வாய்க்கால் எல்லாம் அதற்குத் தங்குமிடங்கள். எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை நாம் அறிவதற்காகவே கெட்ட மணமுள்ள ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த மணத்தை ஒருபோதும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

எங்கே வைப்பது?

வெளிநாடுகளில் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீடுகள் உண்டு. அவையும் நமது தகரக் கொட்டகை போலச் சிறியவை, அடைப்பானவை. அவற்றில் இரண்டு சிலிண்டர்களையும் பெரும்பாலும் வெளியே, முன்பக்கத்தில் கட்டி வைப்பார்கள். கசிந்தாலும் வாயு காற்றோடு போய்விட வேண்டும் என்பதே காரணம். நாமும் அதையே செய்யலாம்.

• இரண்டு சிலிண்டர்களையும் குசினிக்கு வெளியே, நிழலில், மழை படாத இடத்தில் வைப்பது சிறந்தது. குழாய் தகரத்தின் ஊடாக வந்தால், தகர விளிம்பு வெட்டாதபடி துளைக்குள் சிறிய பிளாஸ்ரிக் பைப் துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

• அடுப்புக்குரியதை உள்ளே வைத்தே ஆகவேண்டுமானால், நிலமட்டத்தில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். இருப்பில் உள்ளது எப்போதும் வெளியில்தான். கட்டிலுக்குக் கீழே, பெட்டிக்குள், படுக்கும் அறையில் வைக்க வேண்டாம்.

• சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சமதரையில், ஈரம் பிடிக்காத பலகை அல்லது கல்லின் மேல் வையுங்கள்.

• மண்ணெண்ணெய், பெற்றோல், படகு இயந்திரம், வைக்கோல் ஆகியவற்றுக்கு அருகில் வைக்க வேண்டாம்.

• திருட்டுப் பயத்தினால் சங்கிலி போட்டால், திறப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை: சிலிண்டர் வைக்க மேடை கட்டுவதற்காக, கண்ணிவெடி அகற்றி முடிக்கப்படாத இடத்தில் மண் வெட்டவோ, இடிந்த வீடுகளில் கல் பொறுக்கவோ வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அல்லது பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

மாற்றும் ஒழுங்கு

1. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். இரண்டையும் குழாய்த் துண்டுகளால் ஒன்றாக இணைக்க வேண்டாம். அது கசிவுக்கு வழி. இரண்டும் சேர்ந்து முடிந்துபோவதும் உங்களுக்குத் தெரியாது.

2. புதிய சிலிண்டரை மாட்டும் நாளில் கலண்டரில் திகதியைக் குறியுங்கள்.

3. முதலாவது முடிந்து இரண்டாவதை மாட்டினால், வெறுமையானதை அந்த வாரத்துக்குள்ளேயே மாற்றி எடுத்து வாருங்கள். முழுப் பணம் கையில் இல்லாவிட்டால் அன்றிலிருந்தே சிறிது சிறிதாகச் சேருங்கள். மாரிக்கு முன் இரண்டும் நிறைந்திருக்க வேண்டும்.

4. வெறுமையான சிலிண்டரிலும் கொஞ்சம் வாயு மிஞ்சியிருக்கும். அதன் மூடியைப் போட்டு, நிறைந்ததைப் போலவே வெளியில் நிமிர்த்தி வையுங்கள்.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

ஒவ்வொரு சிலிண்டரிலும் வெற்று நிறை குறிக்கப்பட்டிருக்கும். தராசில் வைத்து நிறுத்து, அந்த எண்ணைக் கழியுங்கள். உதாரணமாக, குறித்த வெற்று நிறை 13.1 கிலோ, தராசில் 18.1 கிலோ என்றால் மிச்சம் 5 கிலோ. முன்னர் 12.5 கிலோ உங்களுக்கு 40 நாட்கள் வந்திருந்தால், 5 கிலோ 16 நாட்களுக்குப் போதும். கடையில் வாங்கும்போதும் இதே முறையில் நிறையைச் சரிபார்க்கலாம்.

தராசு இல்லாவிட்டால், சிலிண்டரின் ஒரு பக்கத்தில் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். வெதுவெதுப்பு முடிந்து குளிர் தொடங்கும் இடமே உள்ளே இருக்கும் திரவத்தின் மட்டம்.

கடைசிச் சொட்டையும் எடுக்கலாம் என்று சிலர் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள், வெந்நீரில் இறக்குகிறார்கள், அடுப்பருகே சூடாக்குகிறார்கள். இவற்றைச் செய்யவே கூடாது. படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் வந்து, சுவாலை திடீரெனப் பெரிதாக எழும்பும். ஒரு நேரச் சமையலை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டையே இழக்க வேண்டாம்.

மாட்டும்போது

• அடுப்பு, குப்பிவிளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் முதலில் அணையுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள்.

• சிலிண்டரின் வாயில் உள்ள றப்பர் வளையம் வெடிப்பில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

• ரெகுலேற்றர் அந்தச் சிலிண்டருக்கு உரியதாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கவனிக்கவும்: அங்கே நீங்கள் பாவித்தது பெரும்பாலும் 14.2 கிலோ சிலிண்டர். அதன் ரெகுலேற்றர் இங்கும் பொருந்தும் என்று நம்பிப் பலவந்தமாக மாட்ட வேண்டாம்.

• குழாய் தரச்சின்னம் உள்ளதாக இருக்கட்டும். வெடிப்பு, எலிக்கடி, இறுக்கம் கண்டால் உடனே மாற்றுங்கள்.

• மாட்டிய பின் சவர்க்கார நுரையை இணைப்புகளில் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து.

2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் எரிவாயு அடுப்பு விபத்துகள் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நுரைச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

கொண்டுவரும்போது

லான்ட்மாஸ்டர் பெட்டியில் நிமிர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். உருட்ட வேண்டாம். ஆட்கள் ஏறிய மூடிய வாகனத்துக்குள் ஏற்ற வேண்டாம். அருகில் யாரும் புகைபிடிக்கக் கூடாது.

மணம் வந்தால்

1. ரெகுலேற்றரை மூடுங்கள். எரியும் அனைத்தையும் அணையுங்கள்.
2. மின் சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். உள்ளே நின்று கைத்தொலைபேசி பாவிக்க வேண்டாம்.
3. கதவு யன்னல்களைத் திறந்து, தறப்பாளைத் தூக்கிவிட்டு, எல்லோரும் காற்று வரும் பக்கமாக வெளியேறுங்கள்.
4. கசிவு நிற்காமல் இருந்தால், அல்லது சிலிண்டரில் தீப்பற்றினால், கிட்டப் போகாமல் தூரப் போய் அயலவர்களையும் எச்சரியுங்கள். தீயணைப்புப் பிரிவு 110, அவசர நோயாளர் காவுவண்டி 1990, பொலிஸ் 119.
5. சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் பூச வேண்டாம்.

வீட்டில் கலந்து பேசுங்கள்

• இன்று நம் வீட்டில் எந்தச் சிலிண்டர் பாவனையில் இருக்கிறது? எப்போது மாட்டினோம்?
• இருப்பில் உள்ளது நிறைந்ததா, வெறுமையா?
• அம்மா வீட்டில் இல்லாத நேரம் மணம் வந்தால், ரெகுலேற்றரை மூடத் தெரிந்தவர் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், இன்று மாலையே வீட்டிலுள்ள வளர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை தங்கள் கையால் மூடித் திறந்து பழகுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: மணம் வந்தால் எதையும் தொடாமல் வெளியே ஓடிப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.