எண் வரிசையின் ஒழுங்கு

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா போன்ற ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தமிழர்கள் பள்ளி, ஆலயம், சங்கம் எனப் பல அமைப்புகளை நடத்தி வருகின்றனர். பள்ளி ஆண்டிதழ், திருவிழா அழைப்பிதழ், சங்க விதிகள், கூட்ட அறிக்கை போன்றவற்றைத் தமிழிலேயே தயாரிக்கின்றனர். 1980களில் மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள், தமிழைக் கணினியில் தட்டெழுத வழியமைத்தது. அன்று அச்சுக்கோப்பவர் செய்த பணியை இன்று சங்கச் செயலாளரும் மாணவரும்கூடக் கணினியில் செய்கின்றனர்.

இத்தகைய ஆவணங்களில் எண்ணிட்ட பட்டியல் இன்றியமையாதது. மலேசியாவில் சங்கங்கள் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகின்றன. பதிவு பெறும் சங்கத்திற்கு எழுத்து வடிவில் விதிகள் இருக்க வேண்டும். வாக்களிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்தால், உறுப்பினர்கள் விதியின் எண்ணைச் சுட்டியே பேசுவர். எண் மாறினால் விதியே மாறிவிடும்.

பட்டியலைத் தட்டெழுதும் பலர், எண்ணுக்குப் பின் இடைவெளிப் பட்டையை இரண்டு மூன்று முறை தட்டுகின்றனர். ஒன்பதாம் எண்வரை பட்டியல் சீராகத் தோன்றும். பத்தாம் எண்ணில் இலக்கம் இரண்டாவதால் வாக்கியம் வலப்புறம் நகர்ந்துவிடும். நீண்ட விதியின் இரண்டாம் வரியோ எண்ணுக்கு நேர் கீழே வந்து நிற்கும். எழுத்துருவையோ அதன் அளவையோ மாற்றினால் இடைவெளியின் அகலமும் மாறும். செய்த சீரமைப்பு அனைத்தும் வீணாகும். பழந்தமிழ் எண்களில் இச்சிக்கல் பதினொன்றில்தான் தொடங்கும். ஏனெனில், பத்துக்கு ௰ என்ற ஒரே குறி உண்டு. பதினொன்றுக்கே ௰௧ என இரண்டு குறிகள் தேவைப்படுகின்றன.

இதற்குத் தீர்வு எளிது. முதலில், எண்களைக் கையால் இடாமல் மென்பொருளின் தானியங்கி எண்ணிடலைப் பயன்படுத்த வேண்டும். அடுத்து, எண்ணுக்கும் வாக்கியத்திற்கும் தனித்தனி இடத்தை அளவிட்டு ஒதுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எண்கள் இட ஓரத்திலிருந்து 7 மில்லிமீட்டரில் முடியலாம். வாக்கியத்தின் எல்லா வரிகளும் 10 மில்லிமீட்டரில் தொடங்கலாம். பின்னர், எண்களை வலப்பக்கம் சீராக்க வேண்டும். அப்போது 9இன் புள்ளியும் 10இன் புள்ளியும் ஒரே நேர்க்கோட்டில் அமையும். இவ்வமைப்பை ஒரு பாணியாகச் சேமித்து வைத்தால் ஆவணம் முழுவதும் ஒரே ஒழுங்கு நிலவும்.

எனினும், கணினி அனைத்தையும் கவனித்துக்கொள்ளும் என எண்ணிவிடக் கூடாது. நான்காம் விதியை நீக்கினால் பின்வரும் எண்கள் தாமாகவே மாறும். ஆனால், வேறொரு பத்தியில் ‘விதி 10இன்படி’ எனக் கையால் எழுதியது மாறாது. அச்சிடுவதற்கு முன் அத்தகைய இடங்களைத் தேடிச் சரிபார்ப்பது எழுதுபவரின் கடமையாகும்.

சீரான எண் வரிசை பக்கத்திற்கு அழகூட்டுகிறது. அதைவிட மேலாக, கண்பார்வை மங்கிய முதியவரும் தமக்குரிய விதியை விரல் வைத்து எளிதில் கண்டறியத் துணைபுரிகிறது.