கடனில் படிக்கும் மகள் பிராகுக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் மகள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறாள். குரோம்பேட்டையில் பி.இ. முடித்தவள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கித்தான் அனுப்பினோம். போய் ஓராண்டுகூட ஆகவில்லை. இப்போது வகுப்பில் படிக்கும் ஐந்தாறு பேரோடு வெள்ளிக்கிழமை கிளம்பி, செக் நாட்டின் பிராக் நகரத்தைப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு திரும்புகிறேன் என்கிறாள். பையன்களும் போகிறார்கள். கடனை அடைக்கும்வரை ஊர் சுற்றுகிற பேச்சே வேண்டாம் என்கிறார் அவள் அப்பா. ஒரு நாட்டு விசாவை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டுக்குப் போனால் வம்பு வராதா என்பது என் பயம். அனுப்பலாமா?
— ஒரு தாய், சேலையூர்

பதில்: அனுப்பலாம். பிள்ளை ஆசைப்படுகிறதே என்ற இரக்கத்தில் இதைச் சொல்லவில்லை. உங்கள் கணவர் போடுகிற கணக்கை இன்னும் நாலு வரி நீட்டிப் போட்டால் விடை அப்படித்தான் வருகிறது. டிரெஸ்டனிலிருந்து பிராக் சாலை வழியில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். முன்கூட்டி எடுத்த டிக்கெட், இரண்டு இரவு ஹாஸ்டல் படுக்கை, சாப்பாடு, டிராம் எல்லாம் சேர்த்து 150 யூரோவுக்குள் முடிக்கத் திட்டமிடலாம். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15,000 ரூபாய். அது முழுவதும் கடன் பணம், வட்டி பத்து சதவீதம் என்றே கொள்வோம். இரண்டு ஆண்டு வட்டி 3,000 ரூபாயைச் சேர்த்தால் 18,000. இதே பெண் வேலைக்குப் போய், கடனை அடைத்து, சென்னையிலிருந்து அதே ஊருக்குப் போக நினைத்தால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் மட்டும் 90 யூரோ. 2024 ஜூனில் 80-லிருந்து அப்படி உயர்த்தினார்கள். சென்னையிலிருந்து பிராகுக்கு நேர் விமானம் கிடையாது. எங்கோ இறங்கி மாறிப் போய்வர ஆகும் டிக்கெட் செலவு இந்த 18,000-க்குள் அடங்காது. எடுக்க வேண்டிய லீவு வேறு. ஆக, கடனை அடைத்துவிட்டுப் பார்க்கலாம் என்பது சிக்கனம் மாதிரித் தெரிந்தாலும், அதே ஊரைப் பல மடங்கு விலைக்குத் தள்ளிப்போடுவதுதான். அவள் அங்கே இருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டுமே அந்த ஊர் பக்கத்து ஊர்.

உங்கள் கணவர் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். ஆடித் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாததை வாங்குவார்களா என்று கேட்பார். நியாயமான கேள்வி. பிராக் அவளுக்குத் தேவையா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு நாள் சுற்றினால் அறிவு பெருகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றுலாக் கம்பெனிகள் சொல்லட்டும். ஆனால் ஐரோப்பிய அரசுகளே தங்கள் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்ப 1987 முதல் எராஸ்மஸ் என்ற திட்டத்தில் பொதுப் பணத்தைச் செலவு செய்துவருகின்றன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் போய்வந்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் தங்கிப் படிக்கும் அந்தத் திட்டமும் வார இறுதிப் பயணமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் வேறு மொழி, வேறு நாணயம், வேறு சட்டம் உள்ள ஊரில் நாலு நாட்டுப் பிள்ளைகளோடு திட்டமிட்டு, செலவைப் பிரித்து, நேரத்துக்கு ரயில் பிடித்துத் திரும்புவது ஒரு பழக்கம். வகுப்பறையில் அது வராது. டிரெஸ்டன் ஜெர்மனியின் சிப் தொழில் குவிந்திருக்கும் ஊர். அங்கே வேலை தேடப்போகிறவள் இப்படிப்பட்ட கூட்டத்தோடுதான் வேலை செய்யப்போகிறாள்.

தமிழருக்கு பிராக் அப்படியொன்றும் அந்நிய ஊரும் அல்ல. தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927-ல் பிறந்தது அங்கேதான். முருகனைத் தலைப்பில் வைத்துத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1973-ல் வந்தது. 1968-ல் சோவியத் படைகள் நுழைந்ததும் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1348-ல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில் அவரும், பின்னர் யாரொஸ்லாவ் வாசெக்கும் தமிழ் கற்பித்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு போகிற பெண் கோட்டைக்கு முன்னால் செல்ஃபி எடுப்பதோடு நிற்க மாட்டாள் என்று நம்புவோம். நின்றாலும் குற்றமில்லை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். இங்கேதான் கவனம் வேண்டும். செக் குடியரசு 2007 டிசம்பர் 21 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஷெங்கன் நாடு ஒன்று கொடுத்த குடியிருப்பு அனுமதி அட்டை வைத்திருப்பவர், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருந்துவரலாம். படிப்புக்காக ஜெர்மனி கொடுத்த நீண்டகால விசா செல்லுபடியாக இருந்தால் அதற்கும் இதே உரிமை உண்டு. ஒரு வார இறுதியால் அவளுடைய அனுமதிக்கு எந்தக் குந்தகமும் வராது. சிக்கல் இடையில் இருக்கிறது. விசா முடிந்து, அட்டை இன்னும் கைக்கு வராத மாதங்களில் ஜெர்மன் அலுவலகம் ஓர் இடைக்காலச் சான்றிதழ் கொடுக்கும். அதைக் காட்டி நாட்டுக்கு வெளியே போய்த் திரும்பலாமா என்பது, அதில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் மகள் இந்த நிலையில் இருந்தால், அலுவலகத்தில் கேட்டுத் தெளியும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி. இந்த ஒரு காரணத்துக்காக நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நானும் உங்கள் பக்கம்தான்.

எல்லையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைக் கொண்டுவந்தது. போலீஸார் ரயிலில் ஏறியே பாஸ்போர்ட் கேட்பார்கள். அட்டை மட்டும் போதாது, அட்டையின் போட்டோவும் போதாது. பாஸ்போர்ட், அட்டை இரண்டின் அசலும் கையில் இருக்க வேண்டும். அப்படியானால் அவை தொலைந்தால் என்ன ஆவது? பிராகில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. ஆனால் ஜெர்மன் அட்டையை ஜெர்மனிதான் மறுபடி தர வேண்டும், அது இழுக்கும். அதனால் சார்லஸ் பாலத்திலும் பழைய நகரச் சதுக்கத்திலும் முதுகுப் பையில் பாஸ்போர்ட் வைக்கக் கூடாது. ஜேப்படிக்காரர்கள் அந்தக் கூட்டத்தை நம்பியே பிழைக்கிறார்கள். அங்கே யூரோ அல்ல, கொருனா. தெருவோரக் கடையில் மாற்றி ஏமாந்தாலும், ஆயிரம் யூரோ வரையிலான பரிமாற்றத்தை ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக்கொள்ள 2019 முதல் செக் சட்டம் இடம் தருகிறது. கார்டில் கட்டிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. ஜெர்மன் அரசுசார் மாணவர் காப்பீட்டு அட்டையின் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவ அட்டை. அவசர சிகிச்சைக்கு அது செக் நாட்டில் செல்லும். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு ஸ்விட்சர்லாந்திலும் டென்மார்க்கிலும் அது உதவாது. அடுத்த பயணப் பேச்சு அங்கே போனால் தனிக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், பையன்களும் போகிறார்கள் என்று. கேள்வியின் பாரம் அதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அவள் தினமும் ஆய்வகத்திலும் விடுதியிலும் இதே பிள்ளைகளோடுதான் இருக்கிறாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண்ணைச் சேலையூரிலிருந்து தடுக்க உங்களிடம் எந்தக் கருவியும் இல்லை. மறுத்தால் அவள் போகாமல் இருக்கலாம், சொல்லாமலும் போகலாம். இரண்டாவது நடந்தால், பிராகில் பர்ஸ் தொலைந்த இரவில் அவள் கூப்பிடக் கடைசியாக நினைக்கும் நம்பர் உங்களுடையதாக இருக்கும். அந்த நிலைமைதான் உண்மையான ஆபத்து. பெண்களுக்கான தனி அறை உள்ள ஹாஸ்டலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தங்கும் முகவரியும் உடன் போகும் இருவரின் நம்பரும் உங்களிடம் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112 என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். பதிலுக்கு நீங்கள் மணிக்கொரு தரம் வாட்ஸ்அப்பில் லொகேஷன் கேட்கக் கூடாது. இரவு ஒரு செய்தி போதும்.

பணத்தில் மட்டும் உங்கள் கணவர் சொல்லுக்குப் பாதி வெற்றி கொடுக்கிறேன். விசாவுக்காக நீங்கள் முடக்குக் கணக்கில் போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 அவள் கைக்கு வருகிறது. வாடகை, காப்பீடு, சாப்பாடு போக அதில் மிச்சம் பிடித்தோ, பகுதிநேர வேலையில் சம்பாதித்தோ அவள் போகட்டும். அங்கே குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ, பிடித்தம் போனாலும் பன்னிரண்டு மணி நேர வேலையில் இந்தப் பயணத்தின் செலவு வந்துவிடும். வீட்டிலிருந்து தனியாகப் பணம் அனுப்பாதீர்கள். செமஸ்டருக்கு ஒரு பயணம் என்று இருக்கட்டும். இந்த மாதம் பிராக், அடுத்த மாதம் பாரிஸ், அதற்கடுத்து ஆம்ஸ்டர்டாம் என்று நீண்டால் நான் மேலே போட்ட கணக்கு செல்லாது. தேர்வுக்கு முந்தைய வாரங்களிலும் வேண்டாம்.

அவள் அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மகளிடம் அட்டை கைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். வந்திருந்தால் போய்வரச் சொல்லுங்கள்.