எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சிக்கனம் வேண்டாம்!

குறைந்த செலவில் கேம்ஸ் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? முதலில் என் அனுபவத்தைக் கேளுங்கள். கேபினட்டுடன் வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸே போதும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் கேம் ஆடும்போது அது புகைந்து, மதர்போர்டும் போய்விட்டது.

லேபிளில் 450 வாட்ஸ் என்றுதான் இருந்தது. ஆனால் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் தருவது 12 வோல்ட் லைன். அதில் 18 ஆம்பியர் மட்டுமே. பெருக்கிப் பாருங்கள், 216 வாட்ஸ்தான்!

ரைசன் 5 5600 பிராசசருக்கு 65 வாட்ஸ், ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட்ஸ். இரண்டுக்கே 197 ஆகிறது. கேம் ஆடும்போது கார்டு திடீரென இன்னும் அதிகமாக இழுக்கும்.

எனவே 12 வோல்ட் லைனில் 36 ஆம்பியராவது உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கேபினட்டின் வண்ண விளக்குகளில் சிக்கனம் பிடியுங்கள்.