எக்ஸெல் பாடம்: லேசர் காட்டும் இடமும் பெல்லட் விழும் இடமும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல்லை ஒரு முறை திறந்து பார்க்கிறார்கள். கட்டம் கட்டமாக இருப்பதைக் கண்டதும் "இது ஆபீஸ்காரர்களுக்கு" என்று மூடிவிடுகிறார்கள். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதிப் பழகுங்கள் என்று சொன்னால், அதற்கு நோட்டுப் புத்தகமே போதுமே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே நோட்டில் போட்டால் சீக்கிரம் சலித்துப் போகும் ஒரு கணக்கை இந்தப் பாடத்திற்கு எடுத்துக் கொள்கிறேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதையே செய்யலாம்.

கணக்கைக் கொண்டுவந்தவள் என் சித்தி மகள். மதுரையில் ஒரு ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். கிளப் ரைபிளின் பின்பக்க சைட்டைக் கழற்றித் துடைத்து மாட்டியதில் பழைய அளவெல்லாம் போய்விட்டது. போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. கிளப்பில் இருந்த ஒரு லேசர் போர்சைட்டரை வைத்து சைட்டைச் சரி செய்துவிட்டு, திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டாள்: "அண்ணே, லேசர் புள்ளியும் சைட்டும் பத்துல சேர்ந்து நிக்குது. சுட்டா நாலுல விழுது. லேசர் கெட்டுப் போச்சா?"

லேசர் கெட்டுப் போகவில்லை. அது ஏன் என்று பார்ப்பதுதான் நம் பாடம்.

போர்சைட்டர் என்பது பேனா அளவுள்ள லேசர் விளக்கு. குழலின் வாயில் செருகும் வகை உண்டு. தோட்டா வடிவத்தில் செய்து, தோட்டா இருக்க வேண்டிய அறையிலேயே வைக்கும் வகையும் உண்டு. குழல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையில் ஒளிக்கோட்டை அனுப்பும். அது விழும் புள்ளியைப் பார்த்து சைட்டைத் திருகினால், ஒரு குண்டும் செலவில்லாமல் ஏறத்தாழ சரியான இடத்துக்கு வந்துவிடலாம். லேசர் வருவதற்கு முன்பு போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழல் வழியே கண்ணால் இலக்கைப் பார்த்து இதையே செய்தார்கள். "ஏறத்தாழ" என்ற சொல்லைக் கவனித்துக் கொள்ளுங்கள். லேசர் நேர்கோட்டில் போகும். பெல்லட் போகாது. குழலை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே பூமி அதைக் கீழே இழுக்கத் தொடங்கிவிடும்.

எவ்வளவு இழுக்கும்? எக்ஸெல்லையே கேட்போம்.

புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். (இங்கே பார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) பி1 செல்லில் பெல்லட்டின் வேகத்தைத் தர வேண்டும். போட்டி ரைபிள்களில் இது வினாடிக்கு 170 மீட்டரை ஒட்டி இருக்கும். 170 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பி2 செல்லில் தூரம், 10. பி3 செல்லில் இந்த பார்முலா:

=4.9*(பி2/பி1)^2*1000

என்டர் தட்டியதும் சுமார் 16.96 என்று வரும். பள்ளியில் படித்ததுதான்: புவி ஈர்ப்பு 9.8, அதில் பாதி 4.9, அதை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்குகிறோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். கடைசியில் உள்ள 1000, மீட்டரை மில்லிமீட்டராக்க. ஆக 10 மீட்டர் தூரத்தில், குழல் பார்க்கும் இடத்துக்கு 17 மி.மீ. கீழே பெல்லட் விழுகிறது. காற்று வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதால் உண்மையில் இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் கூடும்.

17 மி.மீ. பெரிய விஷயமா என்று தோன்றலாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கு அட்டையில் பத்து என்பது வெறும் அரை மி.மீ. விட்டமுள்ள புள்ளி. ஒன்பதாவது வளையம் 5.5 மி.மீ. அடுத்தடுத்து 5 மி.மீ. கூடிக் கொண்டே போய் முதல் வளையம் 45.5 மி.மீ. வரை வருகிறது. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. என்பதால் அதன் விளிம்பு எந்த வளையத்தைத் தொடுகிறதோ அந்த மதிப்பெண் கிடைக்கும். நடுவிலிருந்து 17 மி.மீ. தள்ளி விழுந்த பெல்லட்டின் உள்விளிம்பு 14.75 மி.மீ. தூரத்தில் இருக்கும். நான்காவது வளையத்தின் ஆரம் 15.25. சித்தி மகள் சொன்ன அதே நாலு! லேசர் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

பி1 செல்லில் 170க்குப் பதில் 150 என்று மாற்றிப் பாருங்கள். பி3 தானாகவே 21.8 ஆகிவிடும். 200 என்று தந்தால் 12.25. எண்ணை மாற்றினால் விடை தானே மாறுகிறது அல்லவா, நோட்டுப் புத்தகம் இதைச் செய்யாது. என்.சி.சி. மாணவர்கள் பயன்படுத்தும் .22 ரைபிளுக்கு வேகம் 330, தூரம் 50 என்று தந்தால் 112 மி.மீ. வரும். காற்றையும் சேர்த்தால் அதற்கும் மேல்.

எனவே லேசர் புள்ளியையும் சைட்டையும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது. அட்டையின் நடுவிலிருந்து 17 மி.மீ. மேலே ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டுங்கள். ரைபிளை மணல் பைகளின் மேல் வைத்து, லேசர் புள்ளி ஸ்டிக்கரில் விழும்படி நிறுத்துங்கள். ரைபிள் அசையாமல், சைட் மட்டும் பத்தைப் பார்க்கும்படி திருகுங்கள். அவ்வளவுதான்.

சிலருக்கு 5 மீட்டர் இடம்தான் கிடைக்கும். அப்போது பாதியாக 8.5 மி.மீ. என்று வைத்துவிடாதீர்கள். சைட் குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அந்த உயரமும் கணக்கில் வரும். அது 60 மி.மீ. என்று வைத்துக் கொண்டு பி4 செல்லில் 60 என்று தாருங்கள். பி5 செல்லில் லேசர் வைக்கும் தூரம், 5. பி6 செல்லில்:

=-பி4+(பி4+பி3)*பி5/பி2

விடை சுமாராக -21.5. மைனஸ் என்றால் கீழே. அதாவது 5 மீட்டரில் லேசர் புள்ளி சைட் பார்க்கும் இடத்துக்கு 21.5 மி.மீ. கீழே இருந்தால்தான் 10 மீட்டரில் பெல்லட் பத்தில் விழும். மேலே ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் கீழே வந்துவிட்டது பாருங்கள்! பி5 செல்லில் 10 என்று தந்து சரிபாருங்கள். பழைய 17 மறுபடி வரும்.

லேசரே கோணலாக இருந்தால் என்ன செய்வது? விலை குறைந்த போர்சைட்டர்களில் இது சகஜம். ரைபிளை அசைக்காமல் போர்சைட்டரை மட்டும் குழலுக்குள் மெதுவாகச் சுழற்றுங்கள். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நல்ல சரக்கு. வட்டம் போட்டால் கோணல். அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். கால் சுற்றுக்கு ஒரு முறை என நான்கு இடங்களில் பென்சிலால் குறித்து, நான்கின் சராசரியை எடுத்துக் கொள்ளுங்கள். குழல் உண்மையில் பார்ப்பது அந்த வட்டத்தின் நடுவைத்தான்.

லேசர் வேலை இத்துடன் முடிந்தது. இனி ரேஞ்சில் பெல்லட்டால் சுட்டுத்தான் மீதியைத் திருத்த வேண்டும். பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் ரைபிளில் ஏற்படும் சிறு அதிர்வு எந்த லேசருக்கும் தெரியாது.

ஐந்து முறை சுட்ட அட்டையை ஸ்கேனரில் வைத்து 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். செல்போன் கேமராவில் எடுத்தால் கோணம் மாறி அளவு பிசகும். படத்தை பெயின்ட் புரோகிராமில் திறந்து, மவுஸ் அம்பை ஒரு துளையின் நடுவில் வைத்தால், திரையின் அடிப்பகுதியில் இரண்டு எண்கள் தெரியும். முதலாவது இடமிருந்து எத்தனையாவது பிக்ஸெல், இரண்டாவது மேலிருந்து எத்தனையாவது. 300 டி.பி.ஐ. என்றால் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸெல், மில்லிமீட்டருக்கு 11.81. அட்டையின் நடு 1000, 800 என்றும், துளை 965, 989 என்றும் இருந்தால், துளை 35 பிக்ஸெல் இடது பக்கம், 189 பிக்ஸெல் கீழே. 11.81ஆல் வகுத்தால் 3 மி.மீ. இடது, 16 மி.மீ. கீழே. பெயின்ட்டில் கீழே போகப் போக எண் கூடும். நமக்குக் கீழே என்றால் மைனஸ் வேண்டும். இந்தக் குறியை மாற்றாவிட்டால் திருத்தம் தலைகீழாகப் போய், 16 மி.மீ. பிழை 32 ஆகிவிடும்.

புதிய ஷீட்டில் பி2 முதல் பி6 வரை இடது வலது அளவுகளைத் தாருங்கள்: -3, -1, -4, -2, -5. சி2 முதல் சி6 வரை மேல் கீழ் அளவுகள்: -16, -19, -15, -17, -18. பி8 செல்லில் =ஆவரேஜ்(பி2:பி6) என்று தந்தால் -3 வரும். பி8ஐக் காப்பி செய்து சி8இல் பேஸ்ட் செய்யுங்கள். பார்முலாவில் உள்ள பி தானாகவே சி ஆகி -17 கிடைக்கும். இதுதான் குண்டுக் கூட்டத்தின் நடு. ஸ்டிக்கர் வைக்காமல் லேசரை மட்டும் நம்பினால் அட்டை இப்படித்தான் இருக்கும்.

இப்போது சைட்டின் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும்? ஒரு கிளிக்குக்கு எவ்வளவு நகரும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டெலஸ்கோப் வகை ஸ்கோப்களில் கால் எம்.ஓ.ஏ. என்று எழுதியிருந்தால், 10 மீட்டரில் சுமார் 0.73 மி.மீ. மற்றவற்றை நாமே அளந்துவிடலாம். 20 கிளிக் மேலே திருப்பி மறுபடி ஐந்து சுடுங்கள். சராசரி -17லிருந்து -9க்கு வந்தால் 8 மி.மீ. நகர்ந்திருக்கிறது, ஒரு கிளிக்குக்கு 0.4. மீதமுள்ள 9 மி.மீ.க்கு =ரவுண்ட்(9/0.4,0) என்று தாருங்கள், 23 கிளிக். இடது பக்கம் விலகிய 3 மி.மீ.க்கு வலப்பக்கம் 8 கிளிக். திருகில் உள்ள அம்புக்குறியை மட்டும் நம்ப வேண்டாம். "மேலே" என்று இருந்தால் குண்டு மேலே நகரும் என்று சில தயாரிப்பாளர்கள் கொள்கிறார்கள். குண்டு மேலே விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு என்று வேறு சிலர். முதல் 20 கிளிக்கிலேயே எது என்று தெரிந்துவிடும்.

கைதவறிப் போன ஒரு குண்டு சராசரியைக் கெடுத்துவிடும். பி6 செல்லில் -5ஐ அழித்து 10 என்று தந்து பாருங்கள். ஆவரேஜ் 0 என்று காட்டும், அதாவது திருத்தமே வேண்டாமாம்! ஆனால் நான்கு குண்டுகள் இடது பக்கம்தான் கிடக்கின்றன. ஆவரேஜுக்குப் பதில் மீடியன் என்ற பங்ஷனைத் தந்தால் -2 வரும். இது நிஜத்துக்கு நெருக்கம். பார்த்ததும் மீண்டும் -5 என்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. பி9 செல்லில் =எஸ்டிடெவ்(பி2:பி6)/எஸ்க்யூஆர்டி(5) என்று தாருங்கள். 0.71 வரும். நாம் கண்டுபிடித்த நடுவே ஏறத்தாழ இவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று பொருள். கிட்டத்தட்ட இரண்டு கிளிக். ஆகவே விலகல் ஒரு கிளிக் அளவே இருந்தால் திருகைத் தொடாதீர்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கிளிக் என்று துரத்துகிறவர்களின் சைட் ஒருநாளும் நிலைக்கு வராது.

போட்டியில் இதற்கெல்லாம் கிடைக்கும் நேரம் குறைவு. சர்வதேச விதிப்படி தயாராவதற்கும் சோதனைச் சுடுதலுக்கும் சேர்த்து 15 நிமிடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன், அபினவ் பிந்த்ராவின் முதல் சோதனைக் குண்டே பத்தை விட்டு வெகுதூரம் விலகிப் போனது. யாரோ சைட்டைத் தொட்டிருக்க வேண்டும் என்று பின்னர் அவர் சொன்னார். பதறாமல், இருந்த சில நிமிடங்களில் சைட்டைத் திருத்தி, மொத்தம் 700.5 புள்ளிகளுடன் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தை வாங்கித் தந்தார். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதும் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான்.

சில எச்சரிக்கைகள். லேசரைச் செருகும் முன் ரைபிளில் பெல்லட் இல்லை என்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். சுடும் முன் லேசரை எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அடைத்த குழலோடு சுட்டால் ரைபிளும் போகும், கையும் போகலாம். லேசரின் சக்தி 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டதாக இருப்பது நல்லது. 5 மில்லிவாட் கண்ணுக்கு ஆபத்து. மலிவுச் சரக்கில் லேபிளை நம்ப முடியாது. கண்ணாடி, டைல்ஸ் மேல் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒளிதான். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மதுரை விமான நிலையம் இருக்கிறது. பிள்ளைகள் லேசரை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் வானத்தை நோக்கி அடித்தால், தரையிறங்கும் விமானியின் பார்வை மறைந்துவிடும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிப் பூட்டி வையுங்கள்.

ரைபிள் வாங்க நினைப்பவர்கள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் என்ன சொல்கின்றன என்று முதலில் கேட்டறியுங்கள். பறவைகளை, அதிலும் மயில்களை, சுடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரேஞ்சுக்கு வெளியே பெல்லட்டுக்கு வேலையே இல்லை.

கடைசியாக, பைலை சேவ் செய்யும்போது பெயரில் தேதியையும் பெல்லட் டப்பாவின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். டப்பா மாறினால் எடை மாறும், வேகம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். பழைய ஷீட்டைக் காப்பி செய்து, புதிய ஐந்து எண்களை மட்டும் தந்தால் போதும். பார்முலாக்கள் அப்படியே இருக்கும்.