காட்சி மாற்றமும் காப்புரிமைப் பரிசோதனையும்

பம்பு, மோட்டார், நூற்பாலை யந்திர உறுப்புகள், மாவரைக்கும் கிரைண்டர் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களுக்கே காப்புரிமை விண்ணப்பம் எழுதிப் பழகிய கோயம்புத்தூரில், பேடன்ட் ஏஜென்டாகத் தொழில் நடத்தும் என்னிடம், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் கடை ஒன்றிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு வந்து சேர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத கணிப்பொறிக் காரியத்தைச் சட்டத்தின் முன் எப்படி நிறுத்தவேண்டும் என்பதை அந்த ஒரு விண்ணப்பம் எனக்குக் கற்பித்த அளவுக்கு வேறெதுவும் கற்பிக்கவில்லை. கட்சிக்காரரின் பெயரையும் அவருடைய முறையின் நுட்பமான பகுதிகளையும் தொழில் தர்மத்தை முன்னிட்டு மறைத்துவிட்டு, இதே வழியில் வரப்போகும் இளைஞர்களுக்கு உபயோகமாகக்கூடிய விஷயங்களை மாத்திரம் இங்கே சொல்லுகிறேன்.

ஒரு காட்சி முடிந்து மறு காட்சி தொடங்கும் இடத்தில் எடிட்டர் வைக்கும் இணைப்புக்கு டிரான்ஸிஷன் என்று பெயர். நேராக வெட்டுவது, ஒன்று கரைய மற்றொன்று அதனூடே தோன்றும் டிஸால்வ், ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டு வரும் வைப், இருளில் ஒடுங்கும் ஃபேடு ஆகியவை சினிமாவின் பால்யம் முதற்கொண்டு வழங்கிவருபவை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹாலைக் கட்டியதும், 1954-இல் 'மலைக்கள்ளன்' என்னும் படத்தைத் தயாரித்த பட்சிராஜா ஸ்டூடியோ இயங்கியதும் இந்த ஊரிலேதான். பிலிம் ஓடிய அந்தக் காலத்தில் ஒரு டிஸால்வ் வேண்டுமானால், இரு காட்சிகளையும் ஆப்டிகல் பிரின்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, அதற்கென்று தனியாக நெகடிவ் தயாரிக்கவேண்டியிருந்தபடியால், காலமும் பணமும் செலவாகும் என்ற அச்சமே எடிட்டரை நிதானமாக யோசிக்கவைத்தது. இன்றோ கணிப்பொறியில் ஆயத்தமாகக் கிடக்கும் நூற்றுக்கணக்கான டிரான்ஸிஷன்களில் எதை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

முகூர்த்த மாதங்களில் அந்தச் சிரமம் பன்மடங்காகிறது. கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் சீர்கள் அநேகம். இணைச்சீரும் மங்கல வாழ்த்தும் தாலி கட்டுதலும் பல காமிராக்களில் பதிவாகிக் கடைக்கு வந்து குவிய, அடுத்த முகூர்த்தத்துக்குள் அவற்றையெல்லாம் கோத்துக் கொடுக்கவேண்டும். என்னிடம் வந்த இளைஞர் இக்கடையில் வளர்ந்து, பொறியியல் படித்தவர். "ஏனுங்க சார், சீரு நடக்கறப்ப மெதுவாக் கரையோணும், மாப்பிள்ளை அழைப்பு வர்றப்ப வெடுக்குன்னு மாறோணும். அதை ஆளே இல்லாம மிசினே பார்த்து முடிவு பண்ணிக்குதுங்க. இதுக்குப் பேடன்ட் கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். "தம்பி, நீங்க இப்பச் சொன்னதுக்குக் கெடைக்காது. நீங்க இன்னும் சொல்லாம வெச்சிருக்கறதுக்குக் கெடைக்கலாம்" என்றேன்.

அந்தப் பதிலுக்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எவை கண்டுபிடிப்பு ஆகமாட்டா என்பதை வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. அவ்வரிசையில் இந்த விஷயத்துக்கு எதிராக நிற்கும் உட்பிரிவுகள் ஒன்றல்ல, நான்கு. கணித முறை, வியாபார முறை, வெறும் கணிப்பொறி நிரல், அல்காரிதம் ஆகியவற்றை விலக்கும் 'கே' உட்பிரிவை எல்லோரும் அறிவார்கள். ஆனால் இலக்கியம், நாடகம், சங்கீதம் ஆகியவற்றோடு சினிமாப் படைப்பையும் தொலைக்காட்சிப் படைப்பையும் ரசனைக்குரிய படைப்புகளென்று வெளிப்படையாகப் பெயர் சொல்லி விலக்குகிற 'எல்' உட்பிரிவும், மனத்தால் செய்யும் காரியத்துக்கான திட்டம் அல்லது விதியை விலக்குகிற 'எம்' உட்பிரிவும், தகவலை எடுத்துக்காட்டும் முறையை விலக்குகிற 'என்' உட்பிரிவும் வீடியோத் துறையாருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. சீருக்கு டிஸால்வ் பொருத்தம் என்பது எடிட்டரின் ரசனை; அந்த ரசனையை விதியாக எழுதினால் அது மனக்காரியம்; விதியை நிரலாக எழுதினால் அது வெறும் நிரல். ஆகவே அந்த இளைஞர் முதலில் பெருமையோடு சொன்ன பகுதி முழுவதும் சட்டத்தின் வாசலிலேயே நின்றுவிடும்.

இந்த இடத்தில் சட்டம் நியாயமாகவே நடந்துகொள்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். இணைச்சீருக்கு மெதுவான டிஸால்வ் என்பதை ஒருவர் இருபது வருஷத்துக்குத் தமக்கே சொந்தமாக்கிக்கொண்டால், ஈரோட்டிலும் திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் இதே தொழிலால் ஜீவிக்கும் எடிட்டர்களின் கதி என்ன? மாவின் ருசி ஊருக்கெல்லாம் பொது. அந்த மாவைக் குறைந்த மின்சாரத்தில் சூடேறாமல் அரைக்கும்படி கல்லையும் மோட்டாரையும் ஒருவர் புதிதாக இணைத்திருந்தால் அந்த இணைப்பு மாத்திரம் அவருடையது. கணிப்பொறித் துறைக்கும் நியாயம் இதுவே.

ஆதலால் அவரிடம் நான் கேட்கத் தொடங்கியது, எந்த டிரான்ஸிஷன் அழகு என்பதைப் பற்றியல்ல. அதைத் தீர்மானிக்க யந்திரம் எதை அளக்கிறது, எங்கே அளக்கிறது, அளப்பதனால் யந்திரத்துக்கு என்ன சௌகரியம் என்பதைப் பற்றியே. இக்கேள்விகளைத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு மாதிரியாகக் கேட்கவேண்டியிருந்தது. ஏனெனில் கண்டுபிடித்தவர்கள் தம் வேலையின் சாரமான பகுதியைச் சாதாரணமென்று எண்ணிச் சொல்லாமலே விட்டுவிடுவது இத்தொழிலில் நித்தியம் காணும் விஷயம். கடைசியில் வெளிவந்தது இது. வீடியோக் கோப்பு ஒவ்வொரு படத்தையும் முழுமையாக வைத்திருப்பதில்லை. 2003-இல் வெளிவந்த எச்.264 போன்ற தரங்களில், இடையிடையே ஒரு முழுப் படத்தைப் பதிந்துகொண்டு, மற்றவற்றுக்குப் படத்தின் இன்ன பகுதி இன்ன திசையில் இவ்வளவு நகர்ந்தது என்ற நகர்வுக் குறிப்புகளையும் மிச்ச வித்தியாசத்தையும் மாத்திரமே பதிந்துகொள்கிறது. இளைஞரின் முறை, கோப்பை முழுவதும் விரித்துப் பார்க்காமல், அக்குறிப்புகளை அப்படியே வாசித்துக் காமிரா எந்தப் பக்கம் அசைந்தது என்று அறிந்து, வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டு டிரான்ஸிஷனைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுத்த பிறகும், இணைப்பு விழும் சில படங்களின் தொகுதியை மாத்திரம் புதிதாகச் சுருக்கி எழுதிவிட்டு, எஞ்சிய நீண்ட பாகத்தைத் தொடாமல் பிரதி எடுக்கிறது. அதனால் நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறியிலும் வேலை நடக்கிறது. ஏற்கெனவே சுருக்கிய படத்தை மீண்டும் சுருக்குவதால் வரும் தரக்குறைவும் பெரும்பகுதியில் நேர்வதில்லை. "இதையெல்லாமா சார் எழுதோணும்? கடையில கம்ப்யூட்டர் பழசுங்க, அதுக்காகச் செஞ்சதுங்க" என்றார் அவர். பழைய கணிப்பொறிக்காகச் செய்த அந்த ஏற்பாட்டிலேதான் காப்புரிமைக்கு ஆதாரம் இருந்தது.

அடுத்தது, உலகில் இதற்கு முன் என்ன வந்திருக்கிறது என்ற தேடல். இதை ஒருபோதும் சுருக்கமாக முடிக்கலாகாது. தானே வெட்டி ஒட்டும் யந்திரம் என்ற கருத்து பழையது. சிங்கப்பூரில் மூவீ டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சங்கீதத்துக்கு ஏற்ப வீட்டு வீடியோவைத் தானே தொகுக்கும் மென்பொருளை விற்றது. 2002-இல் ஃபுஜி ஜெராக்ஸின் ஆராய்ச்சியாளர்களான ஃபூட், கூப்பர், கிர்கென்சான் ஆகியோர், படத்தையும் ஒலியையும் அலசிச் சங்கீத வீடியோவைத் தானாக அமைக்கும் முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 2003-இல் மைக்ரோசாஃப்டின் ஆசிய ஆராய்ச்சிக் கூடத்தார் வீட்டு வீடியோவைத் தானாகத் தொகுப்பதைப் பற்றி எழுதினார்கள். 'தானாகத் தேர்ந்தெடுக்கும் முறை' என்று பொதுப்படையாக உரிமை கோரினால், இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்காட்டிப் பரிசோதகர் அதை மறுத்துவிட முடியும். நாமே முன்கூட்டி இவற்றைப் படித்து, இவற்றிலிருந்து நம் முறை விலகும் இடம் எது என்று விவரக்குறிப்பிலேயே எழுதிவிட்டால், பரிசோதனையின்போது புதிதாகச் சொல்லவேண்டியது அதிகமிராது.

விவரக்குறிப்பு எழுதுவதில் நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. தாக்கலான பிறகு அதில் புது விஷயம் எதையும் சேர்க்க 59-ஆம் பிரிவு இடம் கொடாது, குறைக்கலாம், திருத்தலாம், விளக்கலாம், அவ்வளவே. ஆகையால் யந்திரத்துக்கு ஏற்பட்ட நன்மையை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிராமல், ஒரே கோப்பைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஓட்டி, பிடித்த நேரத்தையும் நினைவக அளவையும் அட்டவணையாக எழுதி முதல் தாக்கலிலேயே இணைத்துவிடவேண்டும். அந்த இளைஞர் கடையிலிருந்த கணிப்பொறிகளிலேயே இந்தச் சோதனைகளைச் செய்து கொடுத்தார். படங்களும் அவ்வாறே: கோப்பு எங்கே வாசிக்கப்படுகிறது, குறிப்பு எங்கே பிரிக்கப்படுகிறது, எந்தத் தொகுதி திரும்ப எழுதப்படுகிறது என்று கட்டங்களாக வரைந்து காட்டவேண்டும். முப்பது பக்கத்துக்கும் பத்து உரிமைக் கோரிக்கைகளுக்கும் மேற்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டென்பதால், சிறு முதலாளிகள் அந்த எல்லைக்குள் அடக்கி எழுதுவது நலம். அடக்கி எழுதும்போது சிந்தனையும் தெளிவாகிறது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தமிழ்நாட்டோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவையும் அதன் எல்லைக்குள் அடங்கும். பரிசோதனைக்கு விண்ணப்பிக்க முன்பு 48 மாதங்கள் இருந்த அவகாசம், 2024 மார்ச் மாதத்து விதித் திருத்தத்துக்குப் பின் 31 மாதங்களாகச் சுருங்கிவிட்டது. இதைத் தவறவிட்டால் விண்ணப்பத்தை விண்ணப்பதாரரே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும். எங்களுக்கு வந்த முதல் பரிசோதனை அறிக்கையில், எதிர்பார்த்தபடியே, 'கே' உட்பிரிவும், கண்டுபிடிப்புப் படி, அதாவது துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம், இல்லையென்ற ஆட்சேபமும் இருந்தன. அறிக்கையைப் படித்ததும் இளைஞரின் முகம் வாடிவிட்டது. ஆட்சேபமில்லாத அறிக்கை அபூர்வம் என்பதையும், பதில் சொல்ல ஆறு மாதமும், கேட்டுப் பெற்றால் மேலும் மூன்று மாதமும் உண்டென்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பரிசோதகரை எதிரியாகப் பாவித்து எழுதும் பதில்களை நான் கண்டிருக்கிறேன். அவற்றால் எவருக்கும் பிரயோஜனமில்லை. அவர் எழுதியதில் நியாயமான பகுதியை ஏற்று, ரசனை சம்பந்தப்பட்ட கோரிக்கைகளை நாங்களே நீக்கிவிட்டு, நகர்வுக் குறிப்பை வாசிப்பதும் பகுதியை மாத்திரம் திரும்ப எழுதுவதும் சேர்ந்த பாகத்தை முதற் கோரிக்கையாக நிறுத்தினோம்.

'கே' உட்பிரிவின் வரலாற்றை அறியாதவர் அதற்குப் பதில் எழுத முடியாது. 2002-இன் திருத்தத்தால் நுழைந்த அதைத் தளர்த்த 2004-இல் ஓர் அவசரச் சட்டம் முயன்றது. 2005-இல் பாராளுமன்றம் அத்தளர்வை ஏற்கவில்லை. 2016-இல் வந்த வழிகாட்டு நெறிகள் புதுமையான வன்பொருள் இருக்கிறதா என்று தேடச் சொல்லின. 2017-இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. 2019 டிசம்பரில், ஃபெரித் அல்லானி என்பவரின் வழக்கில், கணிப்பொறி நிரலைக் கொண்ட கண்டுபிடிப்பு யாவும் விலக்கப்படவில்லை என்றும், தொழில்நுட்ப விளைவோ தொழில்நுட்பப் பங்களிப்போ காட்டினால் அது பரிசீலனைக்கு உரியதென்றும் தில்லி உயர்நீதிமன்றம் தெளிவாக்கியது. எங்கள் பதிலில் அத்தீர்ப்பைக் குறிப்பிட்டதோடு நிற்காமல், விளைவு எது என்பதை விவரக்குறிப்பின் அட்டவணையிலிருந்தே சுட்டினோம். தீர்ப்பை மாத்திரம் மேற்கோள் காட்டி, தம் கண்டுபிடிப்பின் விளைவைச் சொல்லாத பதில்கள் வலுவற்றவை.

பதிலுக்குப் பிறகு விசாரணை காணொளி வழியாக நடந்தது. கிண்டிக்குப் போகவேண்டிய அவசியம் இப்போது பெரும்பாலும் இல்லை. விண்ணப்பத்தின்மேல் முடிவு சொல்லும் கட்டுப்பாட்டு அதிகாரி கேட்ட முக்கியமான கேள்வி, தேர்ந்தெடுப்பதற்கும் திரும்ப எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்பதே. எந்த டிரான்ஸிஷன் என்று முன்னாலேயே தெரிவதால் எத்தனை படங்களைத் தொடவேண்டும் என்பதும் முன்னாலேயே தெரிகிறது என்று, அந்த இளைஞரே தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதிலளித்தார். கண்டுபிடித்தவரையும் விசாரணையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள் என்று ஏஜென்டுகளுக்கு நான் சொல்லும் யோசனை அன்று முதல் வந்தது. பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலமான வாதத்தைத் தாக்கல் செய்தோம், காப்புரிமை கிடைத்தது. கிடைக்காதிருந்தால் மூன்று மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. முன்பு இவற்றைக் கேட்டுவந்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்ட பிறகு, நம் பக்கத்து வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே செல்கின்றன.

ரசனை விதிகள் மாத்திரமே வைத்திருப்பவர்கள் காப்புரிமைக்குச் செலவிடவேண்டாம். நிரலுக்கு 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு, எழுதிய கணத்திலிருந்தே உண்டு. விதிகளை வெளியிடாமல் ரகசியமாகவும் வைத்துக்கொள்ளலாம். யந்திரத்துக்குள் ஏதாவது உண்மையில் மாறியிருக்கிறது என்று தோன்றினால் மாத்திரம் மேலே போங்கள்.

போவதாயின், முறையை விளக்கும் வீடியோவை யூடியூபில் ஏற்றும் முன்பும், கொடிசியா வளாகத்துக் கண்காட்சியில் காட்டும் முன்பும் போங்கள். கண்காட்சிகளுள் மத்திய சர்க்கார் அரசிதழில் அறிவித்தவற்றுக்கு மாத்திரமே சட்டத்தில் சலுகை உண்டு. மற்றக் கண்காட்சியிலோ யூடியூபிலோ முறையை நீங்களே வெளியிட்டால், அது உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். முழு விவரம் எழுத நேரமில்லையென்றால் தற்காலிக விவரக்குறிப்பையாவது கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் முழுமையானதைக் கொடுக்கலாம். தனிமனிதர் இணையவழியாகத் தாக்கல் செய்யும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,600 ரூபாய்; பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய்.